காசு குடுத்தவனுக்கு மட்டும் பூட்டு

பூட்டு யோக்கியனுக்குத்தான், திருடனுக்கு இல்லைன்னு பெரியவங்க சொல்வாங்க. வீட்டுப் பூட்டுக்கு அது எவ்வளவு தூரம் பொருந்துமோ தெரியாது. சாஃப்ட்வேர் பூட்டுக்கு அட்சரம் பிசகாம பொருந்தும். கடையில காசு குடுத்து வாங்கினவன் சீரியல் நம்பர் அடிக்கணும், சிடியை ட்ரைவ்ல வச்சிருக்கணும், நெட் இருக்கணும், கம்பெனியோட சர்வர் உயிரோட இருக்கணும். க்ராக் பண்ணினதை எறக்கினவனுக்கு இதுல ஒண்ணும் கிடையாது. டபுள் கிளிக், அவ்வளவுதான்.

இந்தக் கூத்து எங்க ஆரம்பிச்சது, எப்படி வளர்ந்ததுன்னு ஒரு சரித்திரப் பதிவு போடணும்னு ரொம்ப நாளா ஆசை. கொஞ்சம் நீளம்தான், காபி போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க மக்களே.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது திருட்டு சிடிக்கு வக்காலத்து வாங்கற பதிவு இல்லை. ராத்திரி பகலா உக்காந்து எழுதினவனுக்குக் கூலி போய்ச் சேரணும், அதுல எனக்கு ரெண்டாவது கருத்து கிடையாது. என் கேள்வி வேற. கூலி குடுத்தவனை எதுக்குய்யா தண்டிக்கிறீங்க?

ஒரு கோபக் கடிதம்

1976 பிப்ரவரி. பில் கேட்ஸுக்கு அப்ப இருபது வயசு. ஆல்டேர் 8800-ங்கிற மெஷினுக்கு அவரும் பால் ஆலனும் சேர்ந்து பேசிக் மொழியை எழுதிக் குடுத்திருந்தாங்க. அது துளை போட்ட காகித நாடாவுல வரும். ஒருத்தர் வாங்குவார், அந்த நாடாவை ஊரே நகல் எடுக்கும். கேட்ஸ் கடுப்பாகி, பொழுதுபோக்குக்குக் கம்ப்யூட்டர் வச்சிருக்கறவங்களுக்குன்னு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வச்சிருக்கறவங்கள்ல பத்து சதவீதத்துக்கும் குறைவான பேர்தான் பேசிக்கைக் காசு குடுத்து வாங்கியிருக்காங்க, நாங்க செலவழிச்ச நேரத்துக்குக் கணக்குப் பார்த்தா மணிக்கு ரெண்டு டாலர் கூடத் தேறலைங்கிறது அவர் புலம்பல்.

அந்தப் புலம்பல்ல நியாயம் இருக்கு. அந்த நியாயத்தை வச்சுக்கிட்டுத்தான் அடுத்த நாப்பத்தஞ்சு வருஷமும் பூட்டு மேல பூட்டாப் போட்டாங்க.

ப்ளாப்பியில போட்ட பூட்டு

1980-கள்ல சாஃப்ட்வேர் ப்ளாப்பியில வந்தது. ப்ளாப்பி எவ்வளவு நோஞ்சான்னு அதை வச்சு மாரடிச்சவங்களுக்குத் தெரியும். வெயில் பட்டாப் போச்சு, காந்தம் பட்டாப் போச்சு, பூஞ்சை பிடிச்சாப் போச்சு. அதனால வாங்கின உடனே ஒரு நகல் எடுத்து, மூலத்தைப் பத்திரமா வச்சிட்டு, நகலை வச்சு வேலை பார்க்கணும். கம்ப்யூட்டர் புஸ்தகங்கள்ல எல்லாம் இதுதான் முதல் பாடம்.

பூட்டு போட்டவங்க கை வச்சது சரியா அந்த இடத்துலதான். டிஸ்க்ல வேணும்னே ஒரு பகுதியைக் கோணல்மாணலா எழுதுவாங்க. சாதாரண காப்பி கட்டளைக்கு அதை அப்படியே எழுத வராது. புரோக்ராம் ஆரம்பிக்கும்போது அந்தக் கோணல் இருக்கான்னு தடவிப் பார்க்கும், இல்லைன்னா ஓடாது. வால்ட்ங்கிற கம்பெனியோட ப்ரோலாக் இன்னும் ஒரு படி மேல, டிஸ்க்கோட காந்தப் பரப்பு மேலயே கைரேகை மாதிரி ஒரு அடையாளத்தைப் பதிச்சு வித்தாங்க.

லோட்டஸ் 1-2-3 கதை இன்னும் தமாஷ். ஆபீஸ்ல எல்லாரும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாறின பிறகும், அந்த ஒரிஜினல் ப்ளாப்பியை ஏ ட்ரைவ்ல சொருகினாத்தான் அது ஓடும். அதுக்குச் சாவி டிஸ்க்னே பேர். பல ஆயிரம் டாலருக்கு மெஷின் வாங்கினவன் ஒத்தை ப்ளாப்பியை நம்பிக்கிட்டு உக்காந்திருக்கணும்.

இதுக்கு மாத்து மருந்தை வித்தது யாரு தெரியுமா? முறையா கடை வச்ச கம்பெனிங்கதான். சென்ட்ரல் பாயிண்ட்டோட காப்பி டூ பிசி மாதிரியான புரோக்ராமை, ஒரிஜினல் வாங்கினவங்களே இன்னொரு தடவை காசு குடுத்து வாங்கினாங்க, தன் பொருளுக்கு ஒரு நகல் எடுத்து வச்சுக்கறதுக்காக. வால்ட் கம்பெனி, பூட்டைத் தாண்டி நகல் எடுக்க உதவின க்வெய்டுங்கிற கம்பெனி மேல கேஸ் போட்டுச்சு. 1988-ல அமெரிக்க அப்பீல் கோர்ட் க்வெய்டு பக்கம் தீர்ப்பு சொன்னது. வாங்கினவர் பாதுகாப்புக்கு நகல் எடுத்துக்கச் சட்டத்துல உரிமை இருக்கு, அதுக்கு உதவற கருவி முறையான கருவிதான்னு. 1986-லயே டிபேஸ் வித்த ஆஷ்டன்-டேட் பூட்டைக் கழட்டிட்டாங்க. பெரிய ஆபீஸ்கள் குடுத்த நெருக்கடியில மத்த பெரிய கம்பெனிகளும் 80-கள் முடியறதுக்குள்ள ஒவ்வொண்ணா கழட்டினாங்க.

கவனிங்க, பூட்டைக் கழட்ட வச்சது திருடன் இல்லை. மொத்தமா நூறு இருநூறுன்னு காசு குடுத்து வாங்கின ஆபீஸ்காரன். அவனுக்குப் பேரம் பேசற பலம் இருந்தது, பேசினான். ஒத்தையா ஒண்ணு வாங்கற நமக்கு அந்தப் பலம் கிடையாது. அதனாலதான் பூட்டு அதுக்கப்புறம் வீட்டுக்காரன் பக்கமும் விளையாடற பசங்க பக்கமும் திரும்புச்சு.

காகிதப் பூட்டு

1984-ல ஜெட் செட் வில்லின்னு ஒரு கேம். கலர் கலரா குறி போட்ட ஒரு அட்டை கூட வரும், அதைப் பார்த்துப் பதில் சொன்னாத்தான் ஆட விடும். கலர் ஜெராக்ஸ் அபூர்வமா இருந்த காலம், அதனால பலே யோசனைன்னு நினைச்சாங்க. நிறம் பிரிச்சுப் பார்க்க முடியாத ஒருத்தர் அதைக் காசு குடுத்து வாங்கியிருந்தா என்ன ஆகும்னு யோசிச்சாங்களோ என்னமோ.

1985-ல எலைட் கேம் ஸ்பெக்ட்ரம் கம்ப்யூட்டருக்கு வந்தப்ப, லென்ஸ்லாக்னு ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி கூட வந்தது. திரையில கலைஞ்ச மாதிரி தெரியற ரெண்டு எழுத்தை அது வழியா பார்த்தா ஒழுங்காத் தெரியணும். டிவி ரொம்பப் பெருசா இருந்தாலும் தெரியாது, ரொம்பச் சின்னதா இருந்தாலும் தெரியாது. அதுக்கு மேல ஒரு கூத்து, சில பெட்டிகள்ல வேற கேமோட லென்ஸைத் தப்பாப் போட்டு அனுப்பிட்டாங்க. காசு குடுத்தவன் வீட்டுல உக்காந்து கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்திருப்பான் பாவம்.

சிம்சிட்டி 1989. அடர் சிவப்புத் தாள்ல கறுப்பு எழுத்து. ஜெராக்ஸ் எடுத்தா மொத்தமும் கறுப்பா வரும், திருடன் தோத்தான். ஒரிஜினல் தாளைப் படிக்க வாங்கினவன் கண்ணும்தான் தோத்துச்சு :-)

நம்ம ஊர்ல 90-கள்ல கம்ப்யூட்டர் சென்டர் பக்கம் ஒதுங்கினவங்க யாரும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை மறந்திருக்க மாட்டீங்க. முதல் லெவல் முடிஞ்சதும் ஒரு அறை நிறைய குப்பி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு எழுத்து. மேனுவல்ல இத்தனாவது பக்கம், இத்தனாவது வரி, இத்தனாவது வார்த்தையோட முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடிக்கணும். நம்மள்ல பாதிப் பேருக்கு அப்படி ஒரு அறை இருந்ததே தெரியாது. நமக்கு வந்து சேர்ந்த காப்பியில அதை எடுத்துட்டிருந்தாங்க. மேனுவலைத் தேடி அலைஞ்சவன் கடையில வாங்கினவன் மட்டும்தான்.

லாகூர்ல இருந்து ஒரு வைரஸ்

நம்ம பக்கத்து நாட்டுக் கதையும் ஒண்ணு உண்டு. 1986-ல லாகூர்ல கடை வச்சிருந்த அம்ஜத், பாசித்னு ரெண்டு சகோதரர்கள் எழுதினதுதான் பிரெயின். ஐபிஎம் பிசியைத் தாக்கின முதல் வைரஸ்னு இன்னைக்கும் புஸ்தகங்கள்ல எழுதறாங்க. அதுக்குள்ள கடையோட பேர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டு வச்சிருந்தாங்க. நாங்க எழுதின மருத்துவ சாஃப்ட்வேரைத் திருட்டுத்தனமா நகல் எடுக்கறவங்களுக்காக எழுதினோம்ங்கிறது அவங்க சொன்ன விளக்கம். எழுதின நோக்கம் என்னவோ, ப்ளாப்பி விட்டு ப்ளாப்பி தாவி அது உலகம் பூரா போச்சு. அவங்க சாஃப்ட்வேரைக் கண்ணால கூடப் பார்க்காதவங்க டிஸ்க்ல எல்லாம் ஏறி உக்காந்துச்சு. எறிஞ்ச கல்லு குறி தவறி யார் யார் மேலயோ விழறது இந்தக் கதை முழுக்க வரும், பார்த்துக்கிட்டே வாங்க.

டிடிபி அண்ணன் கதை

டாங்கிள்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. டிடிபிக்காரங்க ஹார்டுவேர் லாக்னு சொல்வாங்க. பிரிண்டர் சொருகற இடத்துல இதைச் சொருகி, இதுக்குப் பின்னாடி பிரிண்டர் ஒயரைச் சொருகணும். லாக் இல்லைன்னா சாஃப்ட்வேர் ஓடாது.

எனக்குப் பழக்கமான ஒரு அண்ணன் 90-கள் கடைசியில கடன் வாங்கி டிடிபி சென்டர் ஆரம்பிச்சார். லாக் போட்ட தமிழ் சாஃப்ட்வேர் ஒண்ணை ஒழுங்கா பில் போட்டு வாங்கினார். கம்பெனி பேர் வேணாம். கல்யாணப் பத்திரிகை, கோயில் கும்பாபிஷேக மலர், ஊர்ப் பெரியவர் ஒருத்தர் எழுதின தல வரலாறுன்னு பத்து வருஷத்துக்கு மேல எல்லாம் அதுலதான் அடிச்சார். ஒருநாள் லாக் செத்துப் போச்சு. மாத்தித் தரணும்னா புது வெர்ஷன் வாங்குங்கன்னு பதில் வந்தது. புது கம்ப்யூட்டர் வாங்கலாம்னா அதுல பிரிண்டர் போர்ட்டே கிடையாது, எல்லாம் யுஎஸ்பி.

யூனிகோடுக்கு முந்தின கதையை நம்ம பதிவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஃபாண்ட், ஒவ்வொரு ஃபாண்டுக்கும் ஒரு என்கோடிங். அந்த சாஃப்ட்வேர் திறக்கலைன்னா அந்தப் பத்து வருஷத் தமிழும் வெறும் கிறுக்கல். பூட்டு போட்டது சாஃப்ட்வேருக்கு, உள்ள மாட்டிக்கிட்டது தல வரலாறு.

கடைசியில என்ன ஆச்சுன்னா, ரெண்டு தெரு தள்ளி இன்னொரு டிடிபி கடை. அங்க அதே சாஃப்ட்வேரோட லாக் எடுத்த காப்பி, ஒரு பைசா குடுக்காதது, ஜம்முனு ஓடிக்கிட்டிருந்தது. அண்ணன் பில்லும் கையுமா அங்க போய் நின்னு, அவங்க மெஷின்ல உக்காந்துதான் தன் ஃபைலை எல்லாம் பிரிண்ட் எடுத்தார். இந்த இடத்துல யாரு யோக்கியன், பூட்டு யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க.

சர்வர்கிட்ட சாவி

2001-ல விண்டோஸ் எக்ஸ்பி வந்தது, கூடவே ஆக்டிவேஷனும் வந்தது. இதுவரைக்கும் பூட்டு நம்ம வீட்டுல இருந்தது, சாவியும் நம்மகிட்ட இருந்தது. இப்ப சாவி கம்பெனி சர்வர்ல. பெரிய கம்பெனிகளுக்கு மொத்தமா வித்த பதிப்புக்கு மட்டும் ஆக்டிவேஷன் கிடையாது. எக்ஸ்பி கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பதிப்பும் அதோட சாவி நம்பரும் வெளிய கசிஞ்சிடுச்சு. ஆக, திருட்டு எக்ஸ்பி போட்டவனுக்கு ஆக்டிவேஷன் தொல்லையே இல்லை, வாங்கினவனுக்கு மட்டும் இருந்தது.

2007 ஆகஸ்ட் 24. விண்டோஸ் ஒரிஜினலான்னு சரி பார்க்கற மைக்ரோசாஃப்ட் சர்வர்ல ஆள் தப்பு பண்ணி, இன்னும் தயாராகாத புரோக்ராமை ஏத்திட்டாங்க. அடுத்த பத்தொம்பது மணி நேரத்துக்கு, பரிசோதனைக்கு வந்த ஒரிஜினல் விண்டோஸை எல்லாம் திருட்டு விண்டோஸ்னு முத்திரை குத்திக்கிட்டிருந்தது. விஸ்டா வச்சிருந்தவங்களுக்குச் சில வசதிகளையும் பிடுங்கிடுச்சு. பாதிக்கப்பட்டது 12,000 மெஷினுக்கும் குறைவுன்னு கம்பெனி சொன்னது. எண்ணிக்கை சின்னதுதான். ஆனா காசு குடுத்தவனைப் பார்த்து நீ திருடன்னு சொல்ற அதிகாரத்தை ஒரு மெஷின்கிட்ட குடுத்தா என்ன ஆகும்னு அன்னைக்குத் தெரிஞ்சது.

பாட்டு கேட்டதுக்குத் தண்டனை

2005 அக்டோபர் 31. மார்க் ருசினோவிச்ங்கிற விண்டோஸ் நிபுணர் தன் பதிவுல ஒரு குண்டைப் போட்டார். காசு குடுத்து வாங்கின சோனி பிஎம்ஜி பாட்டு சிடியைக் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கார். அது சொல்லாமக் கொள்ளாம ஒரு ரூட்கிட்டை உள்ள இறக்கி, தன்னை ஒளிச்சு வச்சுக்கிட்டிருக்கு. அவர் அதைப் பிடுங்கி எறிஞ்சதும் சிடி ட்ரைவே காணாமப் போச்சு.

அது ஒளிஞ்ச விதம்தான் ஆபத்து. ஒரு குறிப்பிட்ட எழுத்துக் கோர்வையில பேர் ஆரம்பிச்சா எந்த ஃபைலா இருந்தாலும் மறைச்சிடும். கொஞ்ச நாள்லயே வைரஸ்காரங்க தங்க ஃபைலுக்கும் அதே மாதிரி பேர் வச்சு உள்ள பதுங்கினாங்க. இதை நீக்கறதுக்குக் கம்பெனி குடுத்த கருவியே இன்னொரு ஓட்டையைத் திறந்து விட்டதை பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆட்கள் காட்டினாங்க. சிடிக்களைத் திரும்ப வாங்கினாங்க, கேஸ் நடந்தது. 2007 ஜனவரியில அமெரிக்க வர்த்தக ஆணையத்தோட ஒத்துக்கிட்டபடி, கெட்டுப்போன கம்ப்யூட்டரைச் சரி பண்ண 150 டாலர் வரைக்கும் குடுக்கச் சம்மதிச்சாங்க. அதே பாட்டை எம்பி3-யா திருடிக் கேட்டவன் கம்ப்யூட்டர்ல ஒரு தூசியும் ஏறலை.

இதுக்குக் கொஞ்சமும் குறையாதது சேஃப்டிஸ்க் கதை. கேம் சிடி பூட்டு அது. அதோட ட்ரைவரை மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பியிலயே சேர்த்துக் குடுத்திருந்தாங்க. 2007-ல அந்த ட்ரைவர்ல ஓட்டை தெரிஞ்சது, அதைத் தாக்கவும் ஆரம்பிச்சாங்க, டிசம்பர்ல அடைச்சாங்க. வாழ்க்கையில ஒரு கேம் கூட ஆடாதவங்க மெஷின்லயும் அந்த ஓட்டை இருந்தது. 2015-ல விண்டோஸ் 10 அந்த ட்ரைவரே வேணாம்னு தூக்கிட்டது, செப்டம்பர்ல பழைய விண்டோஸ்லயும் அணைச்சாங்க. பாதுகாப்புக்கு நல்ல முடிவுதான். ஆனா அலமாரியில வச்சிருந்த ஒரிஜினல் கேம் சிடி நிறைய அன்னையோட ஓடாமப் போச்சு.

க்ராக்கை வித்த கம்பெனி

2008-ல யூபிசாஃப்ட்டோட ரெயின்போ சிக்ஸ் வேகாஸ் 2-க்கு ஒரு பேட்ச் வந்தது. போட்டதும், நெட்ல டவுன்லோடு பண்ணி வாங்கினவங்ககிட்ட சிடியைப் போடுன்னு கேட்டுச்சு. அவங்க சிடிக்கு எங்க போவாங்க? கம்பெனி ஒரு தீர்வை வெளியிட்டது. அதைப் பிரிச்சு மேய்ஞ்சா உள்ள ரீலோடட்ங்கிற க்ராக் குழுவோட பேர் இருக்கு! திருடன் செஞ்ச கள்ளச் சாவியைப் பூட்டுக்காரனே எடுத்து வாங்கினவனுக்குக் குடுத்திருக்கான்.

அதே வருஷம் செப்டம்பர்ல ஸ்போர் கேம். மூணு தடவைதான் ஆக்டிவேட் பண்ணலாம்னு வித்தாங்க. அமேசான்ல ஆயிரக்கணக்கானவங்க ஒத்தை ஸ்டார் போட்டுத் தாளிச்சாங்க, அப்புறம் அஞ்சாக்கினாங்க. வருஷக் கடைசியில டோரண்ட்ஃப்ரீக் கணக்குப்படி அந்த வருஷம் அதிகமா திருடப்பட்ட கேம் அதுதான், சுமார் 17 லட்சம் டவுன்லோடு.

அடுத்து, எப்பவும் நெட்ல இருந்தாத்தான் ஆட விடுவேன்னு ஆரம்பிச்சாங்க. 2010 மார்ச்ல யூபிசாஃப்ட் சர்வரை யாரோ தாக்க, அசாசின்ஸ் கிரீட் 2-ஐத் தனியா உக்காந்து ஆடறவங்களும் மாட்டினாங்க. 2013 மார்ச்ல புது சிம்சிட்டி வந்த முதல் வாரமே சர்வர் படுத்துடுச்சு. ஒரு வருஷம் கழிச்சு நெட் இல்லாம ஆடற வசதியைக் குடுத்தாங்க. அப்ப அது முன்னாடியே முடியும்தானே?

வாங்கறதுன்னா என்ன?

சர்வரை நிரந்தரமா மூடினா? அடோபி 2012 கடைசியில சிஎஸ்2-வோட ஆக்டிவேஷன் சர்வரை மூடினப்ப, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பைத் தளத்துல போட்டாங்க. பாராட்டணும். எல்லாரும் அப்படிச் செய்யறதில்லை. 2024 மார்ச் 31-ல யூபிசாஃப்ட் தி க்ரூ கேமோட சர்வரை மூடினதும், வாங்கி வச்சிருந்தவங்களாலயும் அதை ஆட முடியலை. இதை எதிர்த்து ஐரோப்பாவுல நடந்த கையெழுத்து வேட்டை 2025-ல பத்து லட்சத்தைத் தாண்டினது. கலிஃபோர்னியாவுல 2025-ல இருந்து ஒரு சட்டம் அமல்ல இருக்கு. உரிமத்தை மட்டும் குடுத்துட்டு அதைத் தெளிவாச் சொல்லாம, வாங்குன்னு பட்டன் போட்டு டிஜிட்டல் பொருள் விக்கக் கூடாது.

நம்ம நாட்டுச் சட்டமும் இந்த விஷயத்துல அவ்வளவு மோசமில்லை. காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவு, சாஃப்ட்வேர் கெட்டுப்போனா உதவறதுக்கு நகல் எடுத்து வச்சுக்க அனுமதிக்குது. 2012-ல சேர்த்த 65ஏ பிரிவு, காப்புரிமையை மீறற நோக்கத்தோட பூட்டை உடைச்சா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்ங்குது. ஆனா சட்டம் தடுக்காத காரியத்துக்காகச் செய்யறதுக்கு விலக்கும் வச்சிருக்கு. உரிமை என்னவோ ஏட்டுல இருக்கு. டிடிபி அண்ணன் மாதிரி ஆளுக்குப் பூட்டை உடைக்கத் தெரியாதே, அதுதான் சிக்கல்.

அதனால நான் இப்பல்லாம் எந்த சாஃப்ட்வேருக்குக் காசு எடுத்தாலும் ரெண்டே கேள்வி கேட்கறேன். இந்தக் கம்பெனி நாளைக்கே கடையைச் சாத்தினா இது ஓடுமா? ஓடலைன்னா இதுல நான் செஞ்ச வேலையை வேற எதுலயாவது திறக்க முடியுமா? ரெண்டுக்கும் இல்லைன்னு பதில் வந்தா, அதுக்குக் குடுக்கறது விலை இல்லை, வாடகை. வாடகைன்னு தெரிஞ்சு குடுத்தா தப்பில்லை. முக்கியமா தமிழ்ல எழுதறவங்க, உங்க எழுத்தை யூனிகோடுல, சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா ஒரு காப்பி தனியா எடுத்து வச்சிடுங்க. இன்னைக்கே.

உங்க வீட்டுலயும் ஓடாத ஒரிஜினல் சிடி, செத்துப்போன லாக், திறக்காத ஃபைல் ஏதாவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. படிச்சுப் பார்த்து ஒண்ணா உக்காந்து அழலாம் :-)